கால் அங்குலம்

லூனன்பர்க், பெலம் தெரு, ஏப்ரல்.
துறைமுகத்தைவிட்டுப் பனிமூட்டம் இன்னும் எழவில்லை.
வாங்க வந்தவர்கள் ஜன்னல் வழியே கடலைத் தேடுகிறார்கள்.
நான் ஜன்னலைப் பார்க்கிறேன்.
கடல் என் அறிக்கையில் சேர்த்தியில்லை.

வீட்டுக்கு நூற்றுப்பத்து வயது.
ஜன்னல்களுக்கு இருபத்திரண்டு.
சுவர் என்றைக்கோ ஒரு பக்கம் சாய்ந்து, அப்படியே பழகிவிட்டது.
புதுச் சட்டத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.
இருவருக்கும் நடுவே யாரோ
நுரையைப் பீய்ச்சிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கண்ணாடிக் கதவைத் தூக்கினால் நடுவில் சிக்குகிறது:
நுரை உப்பி, சட்டத்தின் விலாவை உள்ளே தள்ளியிருக்கிறது.
மூலைக்கு மூலை நாடா பிடித்தேன்.
இப்படி ஐம்பத்தெட்டு,
அப்படி ஐம்பத்தெட்டேகால்.
இறுக்கிப் பூட்டிய பிறகும் மேல்மூலையில்
கத்திமுனை அகலத்துக்குப் பகல்.

வெளியே இன்னும் மோசம்.
தலைக்கு மேல் தகடு இல்லை.
தண்ணீர் வடியவென்றே விட்ட துளைகளை
ஓட்டை என்று நினைத்துப் பசை பூசி அடைத்திருக்கிறார்கள்,
மிகுந்த அக்கறையோடு, ஒன்றுவிடாமல்.
வந்த மழை வெளியேற வழி தெரியாமல்
சுவருக்குள்ளேயே குடியேறி
உள்பக்கம், கீழ்மூலையில், தேநீர் நிறத்தில்
முகவரி எழுதி வைத்திருக்கிறது.
திருப்புளி நுனியை வைத்தேன்.
மரம் ரொட்டி மாதிரி வாங்கிக்கொண்டது.

"குடித்துவிட்டுச் செய்தானா?"
என்கிறார் ராஸ் ஹிமல்மன். அவர் பணம், கேட்கலாம்.

உள்பட்டையைக் கழற்றினேன்.
ஆப்பு இருக்கவேண்டிய இடத்தில்
பெயிண்ட் கலக்கும் குச்சி, மூன்றாக ஒடித்தது.
ஒரு துண்டில் பென்சில் கணக்கு:
ஒன்பது டாலர், எட்டு மணி நேரம், 72.
ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு.

அந்தக் கோட்டை இன்று காலைகூடப் போட்டேன்,
இந்த வீட்டின் கதவெண்ணைக் குறித்துக்கொண்டபோது.

பத்தொன்பது வயது. கோடை விடுமுறை.
முதலாளி வேறு வேலைக்குப் போய்விட்டார்.
பதினொரு ஜன்னல், நான்கு நாள், நான் ஒருத்தி.
தெருவின் பெயர்கூட ஞாபகத்தில் தங்கவில்லை,
முடித்ததும் எதிர்ச்சாரியில் நின்று
ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி பார்த்தது மட்டும் இருக்கிறது.
என்ன அழகாக இருந்தன.

"குடிக்கவில்லை" என்றேன்.
ராஸ் அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

படிவத்தில் 'பொருத்தியவர்' என்று ஒரு கட்டம் உண்டு.
வழக்கமாக, தெரியாது என்று போடுவேன்.
வெர்னா நிக்கல் என்று எழுதினேன்.
கீழே, ஆய்வாளர் கையெழுத்துக்கான கோட்டில்
மறுபடியும்.