எதிரொலிப் பொத்தான்

மேலமடை சிக்னல் தாண்டி ஒரு மாடி அறை.
மூன்று பேர், இரண்டு கணினி, இரவல் இன்வெர்ட்டர்,
பதினான்கு மாதம்.

ஆட்டத்தில் நீங்கள் வீரன் இல்லை,
மேலூர்ப் பக்கத்து மொட்டைக் குன்று.
துப்பாக்கி கிடையாது. நகரவும் முடியாது.
லாரிகள் வரும்.
லெவலுக்கு இடுப்பளவு குறைவீர்கள்.
இருப்பது ஒரே பொத்தான்: எதிரொலி.
அடிவாரத்தில் யார் எதைச் சொன்னாலும்
திருப்பிச் சொல்லலாம், அவ்வளவுதான்.

உரிமம் வாங்கச் சொல்லிக் கடிதம் வந்தது.
கலெக்டர் ஆபீஸ் இரண்டாம் மாடியில்
'பொருளின் வகை' என்ற கட்டத்தில்
சூதாட்டம், பொம்மை, கேளிக்கை
மூன்றையும் அடித்துவிட்டுப்
பேச்சு என்று எழுதினாள் ஜெசிந்தா.
"பேச்சுக்கெல்லாம் கட்டம் இல்லைம்மா" என்றார் கிளார்க்,
கொஞ்சம் வருத்தமாகத்தான்.

வன்முறை உண்டா?
உண்டு.
யாருக்கு?
குன்றுக்கு.
அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

ஏட்டை வைகையில் விட்டு
எதிர்த்து வருகிறதா என்று பார்த்த நாடு.
இப்போது ஆற்றில் தண்ணீர் இல்லை,
பென்டிரைவை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள்.

பிள்ளைகள் பயந்துபோவார்கள் என்றார் ஒருவர்.
குவாரி விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள்
பதினொரு மணி வெடிக்குக்
காதைப் பொத்துவதுகூட இல்லை இப்போதெல்லாம்.

ஒன்பதாம் நாள் பதில்.
லாரி இருக்கலாம். வெடி இருக்கலாம்.
குன்று குறைவதும் சரி.
எதிரொலியை நீக்கினால்
இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை.

இருளப்பன் அதை உரக்க வாசித்தான்.
மைக் ஆனில் இருந்தது.
ஐந்தாம் லெவலில், முழங்கால் உயரம் மிச்சமிருக்கையில்
பொத்தானை அழுத்திப் பாருங்கள்:

ஆட்சேபணை இல்லை
        இல்லை
                இல்லை