கால் நொடி

உருகுவேயில், பாசோ தெ லோஸ் தோரோஸ் ஊரில்
குளிர் தொடங்கிய முதல் திங்கட்கிழமை.
லீக் அலுவலகத்தில் ஒற்றை ஹீட்டர்,
அதைச் சுற்றிப் பதினோரு பேர்,
நடுவே செயலாளர் நிபியாவின் மடிக்கணினி.
பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பழசு.
லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தவன் நான் என்பதால்
அது இருமினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

வழக்கு இதுதான்.
பெண்கள் இரண்டாம் பிரிவு, ஞாயிறு, கடைசி நிமிடம்.
ரயில்வே அணியின் பந்து கோட்டைத் தாண்டியது முந்தியா,
நடுவரின் இறுதி விசில் முந்தியா?
கம்பளிக் கிடங்கின் கூரையேறி
வில்மார் எடுத்த வீடியோ ஒன்றே சாட்சி.

சாட்சி வாயைத் திறக்கவில்லை.

ஒலியளவு நூறு. சத்தம் பூச்சியம்.
டெர்மினலைத் திறந்து மிக்ஸரை அழைத்தேன்.
மாஸ்டர் கம்பத்தின் அடியில்
எம் எம் என்று இரண்டு எழுத்து,
உதடு ஒட்டிய வாய் மாதிரி.
எம் விசையைத் தட்டினேன். பிரிந்தது.
அப்போதும் மூச்சில்லை.
தோண்டிப் பார்த்தால்
சத்தம் இத்தனை நாளும் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது,
எச்டிஎம்ஐ வழியே,
போன வருஷம் கடனுக்காக லீக் விற்ற டிவிக்கு.
இல்லாத பெட்டிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.
ஸ்பீக்கர் பக்கம் திருப்பிவிட்டேன்.
கூரைக் காற்று இரைந்தது. எங்கோ ஒரு நாய் குரைத்தது.
"அது எங்கள் நாய்" என்றான் வில்மார்.

அடுத்து படம்.
ஓடும் பெண்களுக்குத் தலை ஓரிடம், இடுப்பு ஓரிடம்.
பிராசசர் தனியாளாய்ச் சுமந்து
மின்விசிறி அலறியது.
விடுபட்ட டிரைவரைப் பதித்தேன்,
பாரத்தை கிராபிக்ஸ் சிப்பின் தலையில் கட்டினேன்,
பிளேயரை மூடித் திறந்தேன்.
உடம்புகள் ஒட்டிக்கொண்டன.

ஓட்டினோம்.
பந்து கோட்டைத் தாண்டுகிறது. அதன் பிறகு விசில்.
ரயில்வே தலைவர் எதெல்வினோ
நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

பொறுங்கள் என்றேன்.
கூரைக்கும் கோலுக்கும் எண்பத்தைந்து மீட்டர்.
ஒளி அப்போதே வந்து உட்கார்ந்துவிட்டது,
ஒலி இன்னும் நடந்து வருகிறது.
கால் நொடி பிந்தும்.
காலால் ஆடும் ஆட்டத்தில்
கால் நொடி சின்னதில்லை.

பிளேயரில் ஜே, கே என்று இரண்டு விசைகள்.
தட்டுக்கு ஐம்பது மில்லிநொடி.
ஜே தட்டினால் விசில் முந்தும், கோல் போச்சு.
கே தட்டினால் பிந்தும், கோல் வந்தது.
"தொடாதே, இருப்பது இருக்கட்டும்" என்றார் எதெல்வினோ.
"ஜே, ஜே" என்றது ஆற்றங்கரை அணி.
வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி
உண்மை இரண்டு பக்கமும் திரும்பியது.

சொல்ல வேண்டிய ஒன்று:
அந்தப் பந்தை விட்ட கோல்கீப்பர் மிர்த்தா
என் மனைவி.
விரலை எடுத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நிமிடத்துக்குப் பின்னோக்கிப் போனேன்.
அதே கோல். பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்த அடி.
படுவதும் டங் என்பதும்
ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்வரை தட்டினேன்.
ஐந்து ஜே.
என் கணக்கும் ஐந்துதான்.
ஆனால் நான் சொன்னால் புருஷன் சொன்னதாகும்,
கம்பம் யாருக்கும் சொந்தமில்லை.

மறுபடி கடைசி நிமிடம்.
விசில். மிர்த்தா கையைத் தளர்த்துகிறாள்.
அதற்குப் பிறகு பந்து.

ஹீட்டர் மட்டும் டிக் டிக் என்றது.

மூலையில் நடுவர் சுல்மா,
வந்ததிலிருந்து மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தவள்,
அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை,
வெந்நீர் பிளாஸ்கை மூடினாள்.
"விசில் என் வாயில் இருந்தது.
எனக்கு எந்தத் தாமதமும் இல்லை.
ஞாயிற்றுக்கிழமையே சொன்னேன்."

செவ்வாய் காலை நிபியா போன் செய்தாள்.
ராத்திரி கணினியை அணைத்தாளாம்,
மறுபடி சத்தம் இல்லையாம்.
மிக்ஸரைச் சேமிக்க மறந்திருந்தேன்.