மூன்றாவது கோடு

மணி இரண்டே கால். கெமியார்வியில் பனி
ஜன்னல் உயரத்துக்கு வந்து நிற்கிறது.
அண்ணன் எழுவது எனக்குக் காதாலேயே தெரியும்:
முதலில் கட்டில், பிறகு மூச்சு,
பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லையில்தான் நான் ஓட வேண்டும்.

கழிவறைக்கு மூன்றடி முன்னால்
தரையில் ஆணியடித்ததுபோல் நிற்கிறான் ஊர்ஹோ.
வயிறு அவசரம் என்கிறது.
கால், யார் நீ என்கிறது.
கதவு திறந்திருக்கிறது, விளக்கும் எரிகிறது,
பைஜாமா நனைகிறது.

"பார்க்காதே" என்கிறான்.

அறுபது வருடம் ஒரே சவுனாவில்
அம்மணமாக உட்கார்ந்தவர்கள் நாங்கள்.
அவன் முதுகு மச்சங்களை இருட்டில் எண்ணுவேன்.
துண்டில்லாமல் ஏரிவரை நடந்தவன்
ஒரு கரண்டி ஈரத்துக்குச்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

வியாழக்கிழமை செவிலி சைலா வந்தாள்.
எத்தனை தடவை, எவ்வளவு, முக்கினீர்களா,
கல்லா களியா.
பஸ் நேரம் விசாரிப்பதுபோல் கேட்டாள்.
ஆறு நாளாகப் போகவில்லை என்று
என்னிடம் சொல்லாததை அவளிடம் சொன்னான்.
நனைந்துவிடும் என்று பயந்து
தண்ணீரைச் செடிக்கு ஊற்றியதையும்.

"பார்க்கின்சன் கைநடுக்கம் மட்டுமில்லை,
குடலுக்கும் அது தெரியும்" என்றாள்.

இப்போது ஊறவைத்த பிளம். பகலில் தண்ணீர்.
காப்பி முடிந்ததும் பத்து நிமிடம்,
வந்தாலும் வராவிட்டாலும்,
பாதத்துக்கடியில் அம்மாவின் பால் கறக்கும் முக்காலி.

தரையில் குறுக்கே கோடு போடுங்கள் என்றும் சொன்னாள்.
நடக்க மறந்த கால் சில சமயம்
தாண்ட மறப்பதில்லையாம்.

முழங்காலிட்டு மஞ்சள் டேப் ஒட்டினேன், ஏழு பட்டை.
ஊர்ஹோ வந்து பார்த்தான்.
முப்பத்தோரு கோடைகள்
லாப்லாந்துச் சாலைகளுக்கு வெள்ளைக்கோடு போட்டவன்.
"மூன்றாவது கோணல். இடைவெளியும் அதிகம்.
நான் என்ன கலைமானா?"
பிய்த்து ஒட்டினேன். மறுபடி பிய்த்து ஒட்டினேன்.

நேற்று அப்படியும் நனைந்தது.
துவைக்கும் இயந்திரம் விடியும்வரை உறுமியது.

இன்று ஐந்தாவது கோட்டில் நின்றுவிட்டான்.
கைகொடுக்கப் போன கையை
என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.
ஆறைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.
தாண்டினான்.

கதவு சாத்திற்று.
பிறகு அந்தச் சத்தம்,
விட்டு விட்டு, ஓட்டைக் கூரையில் உருகும் பனிபோல.
ஒரு மனிதன் மூத்திரம் பெய்வதைக் கேட்டு
சுவரில் சாய்ந்து சிரிக்கிறேன், தனியாக.

"இன்னும் அங்கேயா நிற்கிறாய்?" உள்ளிருந்து குரல்.
"போய்ப் படு.
மூன்றாவது இப்பவும் கோணல்தான்."