சிவப்பு நூல்

முதலில் மேகசினைக் கழற்றுகிறேன்.
பிறகு அறையைப் பார்க்கிறேன். காலி.
பிறகு சுண்டுவிரலை விட்டும் பார்க்கிறேன்.
கண்ணை நம்பாதே, விரலை நம்பு என்பது
துப்பாக்கி சொல்லித் தந்ததல்ல.
இருபத்திரண்டு வருடம்
பிறர் வாய்க்குள் கறை சுரண்டிய பாடம்.

கயானியில் இன்றிரவு
மைனஸ் பத்தொன்பது.
சமையல் மேசையில் பழைய செய்தித்தாள்,
அதன்மேல் நான்கு துண்டாக:
பிடி, ஸ்லைடு, சுருள்வில், குழல்.
நேற்றுக் கொட்டிய பனியை அள்ளும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு
தெருவில் போகிறது, வருகிறது.

வெண்கல பிரஷ் குழலின் பின்வாயில் நுழைந்து
முன்வாயில் தலைநீட்டுகிறது.
முதல் துணி கறுப்பாக வந்தது.
அடுத்தது சாம்பலாக.
அடுத்தது ஏதோ யோசித்தபடி.
விளக்குக்கு நேரே பிடித்தால்
உள்ளே ஆறு வரிப்பள்ளங்கள்
ஒன்றையொன்று தொடாமல் சுழன்று போகின்றன.

காலையில் மணற்குழியில் போட்டி.
நாலாம் சுற்று வரை நான்தான் முன்னால்.
ஆறு இரும்புத் தகடுகள்,
மூன்று விழுந்தன.
நாலாவதுக்கு அழுத்தினேன்,
விரலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.
சுட்ட தோட்டாவின் உறை அறையை விட்டு வரவில்லை.
அடுத்தது அதன் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது,
குறுகிய கதவில் இரண்டு குடிகாரர்கள் மாதிரி.
கையுறையோடு பிடுங்கி எறியப்
பதினோரு நொடி.
இந்த விளையாட்டில் அது
ஒரு முழுக் குளிர்காலம்.

தோட்டா நிரப்பித் தந்தவன் ஓர்வோ.
அவன் கராஜில், அவன் தராசில்,
ஒவ்வொன்றாக மருந்து நிறுத்து.
எல்லோர் முன்னாலும் வாயை விட்டேன்:
"மருந்தில் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறாய்.
உன் சல்லிக்காசு என் பதக்கத்தைத் தின்றுவிட்டது."
நரம்பில்லாத நாக்கு என்பார்கள்.
தினமும் நாக்கை ஒதுக்கிவிட்டு வேலை பார்ப்பவள் நான்,
அதில் எத்தனை நரம்பு என்று எனக்குத் தெரியும்.
இருந்தும் பேசினேன்.

அவன் பதில் சொல்லவில்லை.
மண்டியிட்டுப் பித்தளை உறைகளைப் பொறுக்கினான்.
சூட்டோடு விழுந்த ஒவ்வொன்றும்
பனியில் தனக்கென்று ஒரு குழி உருக்கி
இறங்கிப் போயிருந்தது.
என்னுடையவற்றையும் பொறுக்கினான்.

ஸ்லைடின் உள்முகத்தில் ஒரு சின்னக் கொக்கி.
உறையின் விளிம்பைக் கவ்வி இழுப்பது அதன் பிழைப்பு.
அதன் நகத்தடியில் பல்குச்சியை விட்டேன்.
கரியோடு கரியாக ஏதோ நெளிந்தது.
இடுக்கியால் இழுத்தேன்.

சிவப்பு.
அரை விரற்கடை நீளம்.
நேற்றிரவு துடைப்பதற்காகக் கிழித்த
என் ஃபிளானல் சட்டையின் நூல்.

நேற்றும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான்
துடைத்தேன்.
அழுக்கு ஒரு துளி விட்டுவைக்கவில்லை.
துடைத்ததை விட்டுவைத்திருக்கிறேன்.

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
காபி ஆறிவிட்டது.

பிறகு எண்ணெய்.
தண்டவாளம் இரண்டுக்கும் ஆளுக்கொரு சொட்டு.
குழலின் தோளில் விரலால் ஒரு தடவல்,
மூக்கருகே இன்னொன்று.
குளிருக்கு இது தாராளம்.
கூடுதலாக விட்டால் கூழாகி
ஸ்லைடின் காலைப் பிடித்துக்கொள்ளும்.
ஊசி ஓடும் வழியில் பொட்டுக்கூடக் கூடாது.
பூட்டி, இழுத்து, விட்டேன்.
அப்படி ஒரு சுத்தமான சத்தம்.
எரிச்சலாக இருந்தது.

மணி பதினொன்றேகால்.
நூலை வெள்ளைத் தாளில் ஒட்டிப் படமெடுத்தேன்.
நீளமாக எழுதினேன், அழித்தேன்,
மறுபடி எழுதி, மறுபடி அழித்து,
"என் சட்டை" என்று மட்டும் போட்டு
ஓர்வோவுக்கு அனுப்பினேன்.

அவனும் தூங்கவில்லை போலிருக்கிறது.
"இர்மெலி,
உன் உறைகளை எண்ணிவிட்டேன்.
ஒன்று குறைகிறது.
சிக்கினதை எந்தப் பக்கம் எறிந்தாய்?"

இடப்பக்கம், பைன் மரத்தடி.
பிடுங்குவதற்குள் ஆறிப்போயிருந்தது அது,
குழி உருக்கியிருக்காது.
பனியின் மேலேதான் கிடக்கும்.