கீழ்க்குழாய்

பட்டகமாயாவில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்,
உருளைக்கிழங்கு சீக்கிரம் வேகாது.
எண்பத்தேழு டிகிரியிலேயே குமிழ் விட்டு
ஏமாற்றிவிடும் பானை.
இந்த உயரத்தில் ‘கொதிக்கிறது’ என்று ஒருவன் வந்தால்
நான் உடனே எழுந்திருப்பதில்லை.

எலியோடோரோ வந்தான். பழைய வோல்வோ.
முதுகில் துத்தநாக மண், இருபத்தெட்டு டன்.
முன்கிராதியில் பிப்ரவரித் திருவிழாக் காகித நாடாக்கள்,
வெளுத்து, நவம்பர் வரைக்கும்.
இறங்குமுன்னே குற்றப்பத்திரிகை வாசித்தான்:
தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று, இரண்டு தடவை.
வாட்டர் பம்ப் புதுசு.
ரேடியேட்டரை ஒரூரோவில் கழற்றி
அமிலம் ஊற்றிக் கழுவியாயிற்று.
ஹெட் கேஸ்கெட் என்றான் ஒருத்தன்;
கடன் வாங்கி அதையும்.
வண்டிக்குச் சாராயம் தெளித்த அன்றைக்கு
எல்லாச் சக்கரத்துக்கும் ஊற்றிவிட்டு
ரேடியேட்டரை மறந்துவிட்டேன், அதுதானோ என்றான்.
சிரிக்கவில்லை அவன். நானும்.

எப்போது ஏறுகிறது முள்?
“ஏற்றத்தில்.”
சுங்க வரிசையில் நின்றால்?
“அங்கே சாது.”

நின்றால் சாது, உழைத்தால் கொதிப்பு.
இப்படி ஒருத்தனோடு ஒன்பது வருஷம்
குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.
அது வேறு கதை.

மூடியின் ரப்பரை நகத்தால் கீறிப் பார்த்தேன். நல்லது.
எண்ணெய்க் குச்சியில் பால் இல்லை.
விசிறி சுற்றுகிறது, பெல்ட் தளரவில்லை.
கேபினில் ஏறினேன், முள்ளைப் பார்க்க.
டாஷ்போர்டில் எடைச்சீட்டுகள்,
பறந்துவிடாதபடி
ஒரு துருப்பிடித்த கம்பிச்சுருளுக்குள் செருகி.
கண்ணில் பட்டது. மனதில் படவில்லை.

இறங்கி, அட்டை விரித்து,
வண்டிக்கடியில் மல்லாந்தேன்.
மிதி என்றேன்.
மிதித்தான்.
இன்னும்.
என் மணிக்கட்டைவிடத் தடித்த கீழ்க்குழாய்
கறுப்பாய், புதுசாய், தலைக்கு மேல் தொங்கியது.
இன்னும் மிதி.
ஆயிரத்தைந்நூறு சுற்றைத் தாண்டியதும்
கன்னம் ஒட்டியது அதற்கு,
பாட்டில் தீர்ந்தபிறகும் உறிஞ்சுகுழலை விடாத
பிள்ளையைப் போல.
விடு என்றேன்.
உப்பிக்கொண்டது, ஒன்றும் அறியாததாய்.
மிதி. ஒட்டியது.
விடு.
மிதி.
வேண்டியதற்கு மேல் இரண்டு தடவை சொன்னேன்,
பார்க்க அவ்வளவு நன்றாயிருந்தது.

பம்ப் எவ்வளவு தாகத்தோடு இழுக்கிறதோ
அவ்வளவு இறுக்கமாய் அடைத்துக்கொள்கிறது வழி.
நான்கு பட்டறையிலும்
நிறுத்திவைத்தே பார்த்திருக்கிறார்கள்.

அப்போதுதான் மனதில் பட்டது, கேபினில் கண்ணில் பட்டது.

எலியோடோரோ, அந்தச் சுருள் ஏது?
“அதுவா, பழைய குழாய்க்குள் கிடந்தது.
துரு. எதற்கென்று உருவிவிட்டேன்.
எறிய மனமில்லை, சீட்டுப் பிடிக்க ஆகிறது.”
குழாய் மாற்றியது எப்போது?
“ஆகஸ்டில்.”
கொதிக்க ஆரம்பித்தது?
விரல் விட்டு எண்ணத் தொடங்கினான்.
இரண்டாவது விரலில் நிறுத்திக்கொண்டான்.

என் இரும்புக் குவியலில் துரு ஏறாத ஒன்று இருந்தது,
அளவு சற்றே கூட; ஒரு வளையம் வெட்டினேன்.
உள்ளே தள்ளி, கிளிப் முறுக்கி, பச்சைநீர் ஊற்றி,
மறுபடி அட்டை, மறுபடி மிதி.
குழாய் நிமிர்ந்தே நின்றது.

எவ்வளவு என்றான்.
சுருளுக்கு ஒன்றுமில்லை, படுத்ததற்கு எழுபது பொலிவியானோ.
கொடுத்தான். போகவில்லை.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்,
உதடு மட்டும் அசைந்தது:
கேஸ்கெட், பம்ப், அமிலம்,
இரண்டு தெர்மோஸ்டாட்,
அரிகா துறைமுகத்தில் தவறிய நான்கு நடை.
நான் ஸ்பானர்களைத் துடைக்கிற பாவனையில்
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.
அந்தக் கணக்கை ஒருத்தன் தனியாகத்தான் போட வேண்டும்.

சாயங்காலம் தம்போ கெமாதோ கணவாயிலிருந்து
போனில் ஒரு படம் வந்தது.
பாதி அவன் கட்டைவிரல்.
மீதியில் முள், நடுவில்.
பக்கத்தில் அந்தத் துருச்சுருள்,
எடைச்சீட்டுகளைக் கவ்விக்கொண்டு.