தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும்

மத்தியான நிறுவைக்குக் கொட்டகையில் நிற்கையில்
சாக்குத் தூக்கும் சூசையம்மா மகன்
போனைப் பார்த்துச் சொன்னான்:
இந்த அண்டம் ஒருநாள் முடிஞ்சு போகுமாம்.
யோகவதி கேட்டாள்,
தீபாவளி முற்பணத்துக்கு முன்னயா, பின்னயா?

ஒன்று போட்டுப் பின்னால் சைபர் எழுதினால்
செக்ரோல் புத்தகம் நிறைந்துவிடும், அத்தனை வருஷமாம்.
"அப்ப வீட்டுக்கு உறுதி குடுத்துருவாங்க" என்றாள்.
கொஞ்சம் யோசித்து,
"குடுத்தாலும் குடுப்பாங்க" என்று திருத்திக்கொண்டாள்.

தூறல் விட்டபாடில்லை.
அக்கரப்பத்தனைப் பக்கம் முழுக்க மூடுபனி.
பாதி உலகம் ஏற்கனவே காணாமற் போயிருந்ததால்
பேச்சு சூடு பிடித்தது.

எல்லாம் ஆறிப்போய் முடியுமாம், ஒரு கணக்கில்.
சூரியன் ஆறி, நட்சத்திரங்கள் ஆறி
எங்கும் ஒரே குளிர், ஒரே இருட்டு, அசைவே கிடையாது.
"காலம்பறப் பிரட்டுக்களத்தச் சொல்றான்" என்றாள் இராக்கம்மா.
நான் போத்தலைத் திறந்து பார்த்தேன்.
என் சாயத்தண்ணி முந்திக்கொண்டு
அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

இல்லை, விரிந்ததெல்லாம் திரும்பச் சுருங்கி
ஒரு புள்ளிக்குள் அடையுமாம்.
இதற்கு ஒருத்தியும் அசரவில்லை.
பத்துக்குப் பன்னிரண்டு லயக் காம்பராவில்
மாமியார், கொழுந்தன், கொழுந்தன் கூட்டி வந்தவள்,
அவள் கொண்டுவந்த தையல் மெஷின்,
ஈர விறகு, சாமிப்படம், பிள்ளைகள் மூன்று,
பிள்ளைகளின் நாய்.
புள்ளிக்குள் இடம் மிச்சமிருந்தால்
வாடகைக்கு விடலாம் என்றார்கள்.

கிழிந்து போகும் என்றும் ஒரு கட்சி உண்டாம்.
இராக்கம்மா தன் இடுப்புப் படங்கைக் காட்டினாள். அதோடு சரி.

ஆனால்
அண்டத்தின் எடையில் பெரும்பங்கு
யார் கண்ணுக்கும் படுவதில்லை,
எங்கே போனதென்று படித்தவர்களுக்கே புரியவில்லை என்று
பையன் வாசித்தபோதுதான்
கொட்டகை மொத்தமும் ஒரே தலையாகத் திரும்பித்
தராசைப் பார்த்தது.
"ஈரக் கொழுந்து, கழிவு ரெண்டு கிலோ" என்று
எழுதிக்கொண்டிருந்த கணக்கர் சகாயநாதன்
பேனையை வாயிலிருந்து எடுத்து, என்ன என்றார்.
"ஒண்ணுமில்லங்க ஐயா.
ஆகாசத்துல எடை கொஞ்சம் கொறையுதாம்."

எனக்கு வேறு சந்தேகம்.
இத்தனை பெரிய காரியம்
சுற்றறிக்கை இல்லாமல் நடக்குமா?
கொழும்பிலிருந்து கடிதம் வரும். சிங்களத்தில் வரும்.
அடியில் நமக்கென்று ஒரே ஒரு வரி:
தமிழ்ப் பிறதி பின்ணர் அனுபப்படும்.

சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில்
கண்டி போகும். நுவரெலியாக் குதிரைகள் போகும்,
வாவியில் மிதக்கும் அன்னப் படகுகள் போகும்.
துரை பங்களா, அதன் ரோஜாப் பாத்தி,
நம்மைக் கண்டால் மட்டும் குரைக்கும் அந்த நாய்,
எல்லாம் போகும்.
நமக்குத் தகவல் வந்திருக்காது.
ஆகவே கொழுந்து பறித்துக்கொண்டிருப்போம்.
ஒன்றுமே இல்லாததன் நடுவில்
பதினொண்ணாம் நம்பர் மலை மட்டும் பச்சையாய் மிதக்கும்.
வானம் இல்லாத இடத்திலிருந்து மழை பெய்யும், பழக்கதோஷம்.
அட்டை இருக்கும். அட்டையை எதுவும் ஒன்றும் செய்துவிடாது.
யூனியன் சந்தாவும்
எப்படியோ வெட்டப்பட்டுக்கொண்டிருக்கும்.

"அந்தத் தேத்தண்ணிய யாரு குடிப்பா?"
யோகவதி இதைச் சிரிக்காமல் கேட்டாள்.
பையன் போனைத் தட்டிப் பார்த்தான். சார்ஜ் செத்துவிட்டது.

லொறி ஹோர்ன் அடித்தது.
எனக்குப் பதினேழு கிலோ.
ஒரு கிலோவில் முழுப்பேர் தவறி அரைப்பேர்.
நகர்வதற்கு முன் கணக்கரிடம் கேட்டேன்,
"ஐயா, ஒலகம் முடியிற அன்னிக்கு
முழுப்பேரா, அரைப்பேரா?"

யோசித்தார் மனிதர். நிஜமாகவே யோசித்தார்.
பிறகு கேட்டார்:
"எத்தன மணிக்கு முடியுது?"