எண்ண வேண்டாத இரவு

மந்திகை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
இன்று நாற்பத்தொரு பேருடைய குருதி.
நுணுக்குக்காட்டியில் குனிந்து
கட்டம் கட்டமாய் எண்ணி
எண்ணியதை எழுதி
எழுதியதன் கீழ் கையொப்பமிட்டு
ஆறரைக்கு வெளியே வந்தேன்.
கழுத்து மட்டும் குனிந்தபடியே வந்தது.

"நாளைக்கு உனக்கு லீவுதானே,
மணற்காட்டுக்கு வா" என்றாள் ஜெனிற்றா.
"அமாவாசை. முகிலும் இல்லை."

கொழும்பில் பழசாய் வாங்கிய பைனாக்குலர்,
வலக்கண் பக்கம் கொஞ்சம் பூஞ்சணம்.
டோர்ச்சின் முகத்துக்கு
பொங்கலுக்கு மிஞ்சின சிவப்புப் பட்டத்தாள்,
அதைப் பிடித்துவைக்க ஒரு றப்பர் வளையம்.
தவநேசன் மோட்டார்சைக்கிளைச் சவுக்குக்குள் சாய்த்தான்.

மேட்டின் முதுகில் சாரத்தை விரித்துப் படுத்தோம்.
பகல் வெயில் மணலுக்கடியில் இன்னும் விழித்திருந்தது,
இடுப்புக்கு நல்ல ஒத்தடம்.
சோளகம் தொடங்கவில்லை.
தொடங்கியிருந்தால் பிளேன்ரீயில் பாதி மணல்.

கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம்.
ஐந்தாவது நிமிடம் தவநேசன் போனைத் திறந்தான்.
மறுபடி முதலிலிருந்து.

பிறகு வந்தன.
பழக்கதோஷம்,
வானத்தில் ஒரு கட்டம் கீறி எண்ணத் தொடங்கினேன்.
அறுபத்தேழில் விட்டேன்.
யாருக்கும் அறிக்கை கொடுக்கத் தேவையில்லை.

தெற்கே சவுக்கு நுனிகளுக்கு மேல்
சிலுவை நிமிர்ந்து நின்றது.
ஜெனிற்றா பாதி விளையாட்டாய் நெற்றியைத் தொட்டாள்.
அதற்கு இடப்பக்கம், இன்னும் மேலே
ஒரு புகைப்பொட்டு.
பைனாக்குலரில் பஞ்சாய் விரிந்தது.
ஒரு கோடி நட்சத்திரமாம்.
எந்த டெங்குக் காலத்திலும்
இத்தனையை ஒருவரும் என் மேசையில் வைத்ததில்லை.

வடக்கே அருந்ததி.
காலை பத்தே முக்காலுக்கு
நெல்லியடி மண்டபத்தில் ஐயர்
மின்விசிறிப் பக்கம் கைகாட்டி
"தெரியுதோ" என்று கேட்க
"தெரியுது" என்றோம் இருவரும்.
அந்தப் பொய்க்குப் பதினொரு வயது.
"ரெண்டாய் இருக்கு. ஒண்டு மங்கல்" என்றான்.
"மங்கல் ஆர்?"
பைனாக்குலரைத் தராமல்
இன்னும் கொஞ்சநேரம் பார்த்தான்.

மேற்கிலிருந்து ஒரு ஒளி நகர்ந்து வந்தது.
மூவரும் பேச்சை நிறுத்திச்
சத்தம் கேட்கிறதா என்று கேட்டோம்.
கேட்கவில்லை.
செய்மதி.
தவநேசன் கொட்டாவி விட்டான்.

வடகிழக்கே கடல் விளிம்பில் இன்னொன்று.
"அது சீமான்பிள்ளையண்ணையின்ர வள்ளம்."
"அபிஜித்" என்றேன் நான்.
பந்தயம்: ஒரு பை பருத்தித்துறை வடை.
"வெள்ளியெண்டால் ஏன் இப்படி ஆடுது?"
"வள்ளமெண்டால் ஏன் நீலமாய் இருக்கு?"
பத்து நிமிடம் ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.
கடலுக்கும் அதற்கும் இடையில்
ஒரு விரல் இருட்டு நுழைந்தது.
"அண்ணை மேல போறார்" என்றான் தவநேசன்.
"வாயைக் கழுவு!" என்று மணலை அள்ளி எறிந்தாள்.
தோற்றவள்தான் முதல் வடையைக் கடித்தாள்.
அந்த நொறுங்கல்
அரைமைல் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு என்ன பார்த்தோம் என்று
சரியாய்ச் சொல்லத் தெரியாது.
ஒருவன் குறட்டை விட்டான்.
ஒருத்தி காலால் மணலைத் துளைத்தாள்,
ஈரம் வரும்வரை.
தேள் எப்போதோ ஏறியிருந்தது.

திரும்பும் வழியில்
ஒவ்வொரு தெருவிளக்கும் சிலதை அணைத்தது.
தலைக்கவசத்தோடு அண்ணாந்து பார்ப்பது கஷ்டம்.
"பின்னால ஆடாதை" என்றான்.
ஆடினேன்.